விட்டுப்போன எழுத்து

"பாக்கியசிங் டிரேடிங்தானே?
நாற்பது கம்ப்ரசர் எடுத்தீங்களே, செக் திரும்பிவிட்டது"
அஜ்மானிலிருந்து ஒரு குரல்.

ஷார்ஜாவில் என் கடை
நான் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம்.
நாற்பதை எங்கே வைப்பேன்?

கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது.
என் லைசென்ஸ் நம்பர், என் வரி நம்பர்,
நீல மையில் வட்ட முத்திரை.
கையெழுத்து மட்டும் என்னுடையதைவிட நிதானம்.
விலை கேட்ட யாருக்கோ
ஆகஸ்ட் அவசரத்தில்
நானேதான் நகல் அனுப்பியிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில்
கேஸ் சரியாக நிரப்பிய ஏசி.
வேர்த்தது எனக்கு.
அதிகாரி இரண்டு தாளையும் அருகருகே வைத்து
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டார்.

பதினோரு வருடம் முன்பு
டைப்பிங் சென்டர்க்காரன்
டிரேடிங்கில் விழுங்கிய ஒற்றை 'ஐ'.
லைசென்ஸில் இல்லை. பலகையில் இல்லை.
முத்திரையிலும் இல்லை.
திருத்த முந்நூறு திர்ஹாம் கேட்டார்கள்,
விட்டுவிட்டேன்.

திருடன் படித்தவன்.
சேர்த்துவிட்டிருந்தான்.

ஐ என்றால் நான்,
இரண்டாம் வகுப்பில் சொல்லித்தந்தது.

இப்போதெல்லாம் நகல் கொடுத்தால்
குறுக்கே எழுதிவிடுகிறேன்,
இன்னாருக்கு, இன்ன தேதி, இதற்கு மட்டும்.
அஜ்மான்காரர் இன்னும் வாரமொருமுறை கூப்பிடுகிறார்,
கேஸ் என்னாச்சு என்று.

நேற்று பலகைக்கு விளக்கு மாட்ட வந்த பையன்
மேலிருந்து குனிந்து கேட்டான்:
"எழுத்து ஒண்ணு விட்டுப்போயிருக்கே அண்ணே,
சேர்த்துடட்டுமா?"

வேண்டாம் என்றேன்,
இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு.