தூண் மறைக்கும் இருக்கை

சொட்டு மருந்து விட்டு
கண்மணியை அகலத் திறந்துவைத்து
அனுப்பிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில்.
அண்ணா நகர் ரோடு முழுக்க
யாரோ கண்ணாடியை இடித்துத் தூவியிருந்தார்கள்.
"ராத்திரி வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும்"
என்றாள் நர்ஸ், ஒரு வெள்ளை அசைவு.

சாத்தூருக்கு உடனே பஸ் ஏற
இரண்டு பேருக்குமே மனசில்லை.
வீட்டில் ராத்திரிக்கு மாவு இருக்கிறது,
ஊற்றிக்கொள்ள அவர்களுக்குக் கையும் இருக்கிறது.

தல்லாகுளம் சுவரில் மூன்று நாடகம்.
நாத்தனார் தங்கேஸ்வரி வாசிக்க வாசிக்க
கறுப்புக் கண்ணாடிக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.
கோட்டைக்குள் கழுதை: ராஜா வேஷம், ஜிகினா,
கண் இல்லாமல் பார்த்து என்ன பிரயோஜனம்?
மேலதிகாரிக்கு மீசை இல்லை: சிரிப்பு.
பக்கத்து ஆள் சிரித்த பிறகு
நான் சிரிக்க வேண்டியிருக்கும்.
ஏழாவது வாய்தா: கோர்ட்டு. பேச்சுதான் முழுக்க.
"இதுக்குக் காது போதும்" என்றேன்.

டிக்கெட் இருநூற்று ஐம்பது.
தங்கேஸ்வரி நின்றுவிட்டாள்.
தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள்
ஒரு விலையை முதல் தடவையில் நம்பமாட்டாள்.

ஜவுளிக்கடை பில் இரண்டாயிரத்துக்குக் காட்டினால்
ஒரு டிக்கெட் இலவசமாம்.
"இருநூறை மிச்சம் பிடிக்க
ரெண்டாயிரத்தத் தொலைக்கவா?"
பத்துப் பேராகச் சேர்ந்தால் பாதி விலையாம்.
டீக்கடையில் நின்றவர்களை எண்ணினாள்.
எட்டுப் பேர்தான்,
அதில் ஒருவர் மாஸ்டர்.
காலேஜ் கார்டுக்குச் சலுகை உண்டாம்.
இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்,
அதாவது அவள் பார்த்தாள்.
இடைவேளைக்குப் பிறகு வந்தால் எண்பது ரூபாய்,
ஆனால் நாலாவது வாய்தாவிலிருந்து
எவன் வழக்கை எடுத்துக் கேட்பது?

கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டை
கவுண்டருக்குள் நீட்டிவிட்டாள்.
"இதுக்கு ஏதாச்சும் தள்ளுபடி உண்டா சார்?"

உள்ளே ஒரு சிரிப்பு.
அப்புறம் ஒரு இழுப்பறைச் சத்தம்.
"தூணுக்குப் பின்னாடி ரெண்டு சீட் இருக்கு.
மேடையில இடது பாதி தெரியாது.
அறுபது ரூபாய்க்குத் தரலாம்."

எனக்கு எந்தப் பாதியும் தெரியாது, குடுங்க என்றேன்.

விளக்குப் போட்டதும்
ஒவ்வொரு பல்பும் சாமந்தியாய் விரிந்தது.
ஜட்ஜ் ஒரு கறுப்புக் குவியல்.
வாதிக்காரி மஞ்சளாக வந்தாள்,
உட்கார்ந்தபோது மஞ்சள் கொஞ்சம் சிந்தியது.
ஆனால் அவள் செருப்பில் ஒன்று வார் அறுந்தது
எனக்குத்தான் முதலில் தெரியும்.
வக்கீல் பொய் சொல்லும் முன்னால்
எச்சில் விழுங்குகிறார், மூன்று தடவையும்.
சாட்சிக்குத் தந்த டம்ளரில்
தண்ணீர் இல்லை, வெறும் பித்தளைச் சத்தம்.

பளார்.

ஹால் மொத்தமும் மூச்சைப் பிடித்தது.
தூணுக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது.
தங்கேஸ்வரி எழுந்து கழுத்தை நீட்டுகிறாள்,
பின்னாலிருந்து "உக்காரும்மா" என்று ஒரு குரல்.
மறுபடி கை தெரிந்தபோது
அது யார் கன்னத்தையும் விட்டு இறங்கியிருந்தது.

மாட்டுத்தாவணியில் பத்தரை வண்டி.
திருமங்கலம் வரை சண்டை.
அறைந்தது புருஷன்காரன் என்கிறாள்,
அவன் சட்டையைக் கடைசியாகப் பார்த்தாளாம்.
அறைந்தது அவள்தான் என்கிறேன்.
சத்தத்தில் வளையல் இருந்தது.
கண்டக்டரைக் கேட்டால்
"ரெண்டு சாத்தூரா?" என்று மட்டும் சொல்கிறார்.

விருதுநகர் தாண்டியதும்
போர்டில் எழுத்து ஒவ்வொன்றாகக் கூடி வந்தது.
மூக்குக் கண்ணாடி வாங்க வியாழக்கிழமை வரவேண்டும்.
நாடகம் அன்றைக்கும் உண்டு.
தங்கேஸ்வரி அதற்குள் போனை எடுத்து
கவுண்டர்காரரை எழுப்பிவிட்டாள்:

"சார், அந்த ஹால்ல
வலது பக்கம் தூண் ஏதும் இருக்கா?"