இருபத்திரண்டு

சனிக்கிழமை மூன்று மணிக்கு
கேட்டருகே உட்கார்ந்து பென்சில் சீவுவது என் வேலை.
பிளேடு உள்ளே போகக் கூடாது.
ஷார்ப்னர், காம்பஸ், மூச்.
ஸ்கேல் என்றால் பிளாஸ்டிக்.
இருபத்திரண்டு உள்ளே போனால்
இருபத்திரண்டு திரும்ப வேண்டும்.
நோட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

முன்னே திருப்பூரில் செக்கிங்கில் இருந்தேன்.
ஓட்டை விழுந்த பனியனை ஒதுக்கிப் போடுவோம்,
செகண்ட்ஸ் என்று பேர் அதற்கு.
அந்தச் சொல்லை
இந்தக் கேட்டுக்குள் வந்தபின்
வாயில் எடுப்பதில்லை.

முதல் வாரமே இருபத்தொன்று.
பாய்களை உதறினேன்.
ஜோப்பு ஜோப்பாகத் திருப்பினேன்.
சுவரோரம் நிறுத்தி ஒரு மணி நேரம்,
உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது.
வரிசையின் கடைசியில் அரையாள் உயரம்,
பைக் கேஸ்:
"உங்க காதுலீங்க சார்."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.
நானும் சிரித்திருக்கலாம்.

உக்கடத்தில் பஸ் ஏறி
சார்ட்டுச் சுருளோடு வருகிற ஜெனிபாவும் தரணியும்
"வீடு வரைங்க" என்றார்கள்.
டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு வந்தது.
பாதி இறக்கிய கோழிக்கடை ஷட்டர் வந்தது.
ஒருத்தன் நாலரை வரைக்கும்
தாளைக் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தான்.
"எங்க வீடுதானுங்க.
கரண்ட்டு போயிருச்சு."

ஆடி மாதம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஜன்னல் வழியே வந்து
யார் எழுதியதென்று பார்க்காமல்
எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகும்.
பொறுக்குகிறபோது
நானும் ரெண்டு வரி படித்துவிடுவேன்.

சுவரில் ஒட்டப்போகிறோம்,
நடுவர் வருகிறார், வெளியாள் வருகிறார்கள்,
இவர்கள் பெயர் தெரியக் கூடாது, சட்டம்.
"ஆளுக்கொரு புதுப் பேரு வச்சுக்குங்க."
ஒருத்தன் நொய்யல் ஆனான்.
பைக் கேஸ் தன் நாயின் பெயரைப் போட்டான், டைசன்.
மூன்று மாதமாக வாய் திறக்காத ஒருத்தன்
கவிதை எழுதியிருந்தான்:

*ஆஸ்பத்திரி வாசல்ல
ஒத்தைச் செருப்பு கெடக்குது
ஜோடி எங்கிட்ட இருக்குன்னு
யாரும் கேக்கல*

கீழே, கோணல் எழுத்தில்: இன்பசாகரன்.

"அழகான பேரு, எங்க புடிச்சே?" என்றாள் ஜெனிபா.
அவன் குனிந்துகொண்டான்.

வாய்தாவுக்கு வாய்தா
அவன் கட்டைச் சுமந்து போகிறவன் நான்.
இரண்டாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி,
வயது பதினேழு,
இப்போது எவர் கூப்பிட்டாலும்
திரும்பிப் பார்க்க ஆளில்லாத பெயர்.

ஜெனிபாவிடம் நான் சொல்லவில்லை.
நடுவர் அந்தத் தாள் முன்னே
கொஞ்சம் நின்றார்,
கண்ணாடியைத் துடைத்தார்,
டீ வந்தது, போய்விட்டார்.

சாயந்தரம் எண்ணினேன்.
முனை உடைந்த ஒன்றோடு சேர்த்து
இருபத்திரண்டு.
கையெழுத்தும் போட்டாயிற்று.
ஆனாலும் ஒருதரம்
காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.