மாதேசின் செருப்பு

ஐந்து ரோடு வாடகைக் கடையில்
இரண்டையும் மேசைமேல் வைத்தார் சம்சுதீன்.
ஒன்று அறுநூறு வாட்,
தூக்கினால் தோள்பட்டை இறங்கும்.
"நட்டநடு வெயிலையே இது இருட்டாக்கிடும்மா."
மற்றது உள்ளங்கை அகலம்,
நாலு பென்சில் பேட்டரி.
ஒருமுறை மின்னினால்
மூச்சு வாங்கித்தான் அடுத்தது.

இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒரு ஸ்கூட்டி, பின்னால் மாதேசு,
அவன் மடியில் ஸ்டாண்டு.
சின்னதில் இரண்டு எடுத்துக்கொண்டேன்.
மீந்த காசுக்கு ஒரு வெள்ளைத் துணிக்குடை.
"மழைக்கு ஆகாது" என்று சிரித்தார்.

நாகலூரில் கல்யாணம்.
பெண் கனகவல்லி, காப்பித் தோட்டத்துக் கணக்கர் மகள்.
மாப்பிள்ளைக்குக் கொண்டலாம்பட்டியில் கொலுசுப் பட்டறை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும்
கூரையைத்தான் பார்ப்பேன், சாமியை அப்புறம்.
வெள்ளைக் கூரையென்றால் பாதி வேலை முடிந்தது:
விளக்கை மேலே திருப்பினால்
வெளிச்சம் போய்த் தொட்டுவிட்டு
மெத்தென்று இறங்கி வரும்.
இங்கே கிளிப்பச்சைப் பெயிண்ட்.
சோதனைக்கு ஒரு படம்.
பெண்ணின் சித்தப்பா வாழையிலை நிறத்தில் சிரித்தார்.
குடையை விரித்தேன்.

வீடியோக்காரர் தன் பலகை விளக்கை
நேரே முகத்துக்கு வைத்திருந்தார்.
ஐயர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மந்திரம் சொன்னார்.
ஓமப்புகையில் அந்த வெளிச்சம் முட்டிச்
சுண்ணாம்புச் சுவராய் நின்றது.
மாதேசைப் பார்த்தேன், அவ்வளவுதான்.
விளக்கோடு போய்
நாதஸ்வரக்காரர் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டான்.
புகை இழை இழையாகப் பிரிந்தது.

தாலிக்கு முடிச்சு மூன்று.
என் விளக்குக்கு மூச்சு இரண்டுக்குத்தான்.
மூன்றாவதற்கு இருந்தது
மாப்பிள்ளையின் சின்னத் தங்கை
பெண்ணுக்குப் பின்னால் ஏந்தி நின்ற காமாட்சி விளக்கு மட்டும்.
படம் மணல் மணலாய் வந்தது.
காது மடல் மட்டும் சிவந்து தெரிந்தது,
யாரோ அந்தப் பெண்ணிடம்
ரகசியம் சொன்ன மாதிரி.

மெட்டி போடும்போது தரையோடு படுத்தேன்.
பட்டறைக்காரர் வீட்டு வெள்ளி, கண்ணாடிதான்.
நேரே அடித்தால் மெட்டிக்குள் என் மூக்கு.
குடையைப் பக்கவாட்டில் சாய்த்து
அம்மியின் மேடு பள்ளம் தெரியும்வரை
விளக்கைக் குறைத்தேன்.
"ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" என்றார் ஒருவர்
என்னைத் தாண்டிப் போகையில்.

பதினொரு மணிக்கு மூடுபனி இறங்கிற்று.
சில்வர் ஓக் மரங்கள் இடுப்பு வரைக்கும்தான் இருந்தன.
ஜோடியைத் தோட்டத்தில் நிறுத்தி
நேரே மின்னினேன்.
வெறும் வெள்ளைத் தாள்,
நடுவில் இரண்டு பல்வரிசை.

"மாதேசு, பின்னால போ."
"எது வரைக்கும்க்கா?"
"எனக்கு நீ தெரியாத வரைக்கும்."

குரல் வந்த திசையில் ஒரு மின்னல்.
பனி முழுக்கப் பற்றிக்கொண்டது.
கனகவல்லியின் பின்னலில் நிற்காத முடியெல்லாம் பொன்.
மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை,
வேட்டியில் ஒட்டிய நாயுருவியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
அதையே எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.
"என்னம்மா இது, ரெண்டு பேரு காலுக்கு நடுவுல
மூணாவதா ஒரு செருப்பு?"
நீல வார், ரப்பர்.
அழித்துவிடுகிறேன் என்றேன், அழித்தேன்.
பக்கத்துப் புல்லை எடுத்து மேலே ஒட்டினேன்.

என் பிரதியில் இருக்கிறது.
விளக்கு வாடகையை எண்ணிக்கொண்டே
மாதேசு எட்டிப் பார்த்தான்.
"அன்னைக்குத்தான்க்கா அறுந்துச்சு அது.
அங்கயே விட்டுட்டேன்."

இருபது வளைவும்
வெறுங்காலோடுதான் என் பின்னால் உட்கார்ந்து இறங்கியிருக்கிறான்.
நான் பனியில்
சாலையின் வெள்ளைக் கோட்டை மட்டும்
பார்த்துக்கொண்டு வந்தேன்.