கடந்தை

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
அறுபது டன் எடைமேடை.
வைக்கோல், தேங்காய் மட்டை, அடிமாடு,
எது ஏறினாலும் எண்ணாக்கித் தருவது என் வேலை.

சன்னலுக்கு மேலே, தகரக் கூரையின் மடிப்பில்
ஒற்றைக் காம்பில் தொங்குகிறது கூடு.
உள்ளங்கை அகலம். சாம்பல் நிறம்.
நடுவில் மட்டும் சிவப்பாய் ஒரு வரி.
நிறம் ஏது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சாலைக்கு அப்பால், கேரளத்துத் தடுப்புக் கட்டையில் உட்கார்ந்து
சுரண்டிக்கொண்டிருந்தது ஒன்று.
மரத்தை மென்று, எச்சிலில் குழைத்து
தாளாக்கிக் கொண்டுவருகிறது
பர்மிட் இல்லாமல்,
பகலிலேயே.

மஞ்சேரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஜஸ்னா
மூன்று வாரம் என் ஸ்டூலில் உட்கார்ந்து
ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்ட்டால் பொட்டு வைத்தாள்.
அவளுக்கு அது கடன்னல்.
சித்தூர் லாரி நரசிம்மலுவுக்குக் கந்திரீக.
எனக்குக் கடந்தை;
வேகமாய்ச் சொன்னால்
கடந்தாய் என்று கேட்கும்.
லத்தீனில் ஒரு பெயரும் சொன்னாள்.
லோடு நின்றது, எழுதிக்கொள்ளவில்லை.

ராணி யார் என்றேன்.
யாரையும் அதட்டாமல் ஓரமாய்க் கிடந்த
நீலப் பொட்டைக் காட்டினாள்.
நம்பவில்லை.
நீலத்தை ஒருநாள் குப்பியில் எடுத்து வைத்தாள்.
அதுவரை ஆளே தெரியாதிருந்த வெள்ளைப் பொட்டு
அரைமணி நேரத்தில்
கண்டவளையெல்லாம் கடித்துத் துரத்தியது.
பத்து நாளில் அதுவும் சாது, ஓரம், முட்டை.
"அடுத்தது யாரென்று இவர்களுக்குத் தெரியும்," என்றாள்,
"எனக்குத்தான் பிடிபடவில்லை."

அவள் போய் நான்கு மாதம்.
பொட்டு வைத்தது ஒன்றுகூட இல்லை.
கூடு இருக்கிறது.

முதலாளி பந்தம் கொளுத்தச் சொன்னார்.
அன்றைக்கு மழை. மறுநாள் மாட்டுச்சந்தை லோடு.
அப்புறம் மறந்துபோனேன் என்று
வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி ஒன்று செத்து விழுந்தது, மேசைமேல்.
கடைசி வண்டி இறங்கிய பிறகு
அதை எடுத்துப்போய் மேடையின் நடுவில் வைத்தேன்.
ஓடிவந்து பொத்தானை அழுத்தினேன்.

வண்டி எண்: இல்லை.
சரக்கு: கடந்தை.
நிகர எடை: 00000 கிலோ.

சீட்டைக் கிழித்துச்
சன்னல் கட்டையில், லாரி நட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்
தூங்கப் போனேன்.

காலையில் சீட்டின் ஓரம் அரித்திருந்தது.
பூஜ்யத்தில்
இரண்டைக் காணோம்.