அலமாரிக்குள் பதினாறு மணி நேரம்

கோட்டுகளுக்கெல்லாம் வீடு போயிற்று.
ஒன்று நாற்காலியில், ஒன்று கதவின் முதுகில்,
மீன் வாடை விடாத மஞ்சள் மழையங்கி
குளியலறைக் கம்பியில் தலைகீழாய்.
அலமாரி காலி.
அகலம் இரண்டு முழம், ஆழம் ஒன்றரை.
அளந்து எழுதிவைத்தேன்,
பிறகு தப்பாய் அறுத்தேன்.

ஹாம்மர்ஃபெஸ்டில் அக்டோபர் கடைசி.
இன்னும் மூன்று வாரம்,
அப்புறம் சூரியன் கடையைச் சாத்திவிட்டு
ஜனவரியில்தான் திறக்கும்.
பகலெல்லாம் காட் மீனின் வயிறு கிழிக்கிற கை
மாலையில் பச்சையாய் ஏதாவது தொடக் கேட்டது.
அவ்வளவுதான் காரணம்.
வேறு யாராவது கேட்டால்
சதகுப்பை விலையைச் சொல்லிவைப்பேன்.

உள்சுவருக்கு
படகின் முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளித்தாள் போர்வை.
கடலில் விழுந்தவனைச் சுற்றுவது.
ஒட்டும்போதெல்லாம் சலசலத்தது.
விசிறி, செத்துப்போன கணினியின் வயிற்றிலிருந்து.
அதைத் திருப்பி மாட்டிவிட்டேன்:
வெளியே தள்ள வேண்டியதை உள்ளே ஊதி
மூன்றாம் நாள் சுவரெல்லாம் வியர்வை,
ஐந்தாம் நாள் மூலையில் சாம்பல் பூஞ்சை.

முதல் ஈட்டு நாற்றுகள்,
பாசத்தில் விளக்கை ஒரு சாணில் தொங்கவிட்டதால்
நுனி கருகிக் காகிதமாய்.
இரண்டாம் ஈட்டுக்குப் பயந்து உயர்த்தினேன்,
வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கக்
கழுத்து நீட்டி நீட்டி
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்தன.
மூன்றாவதற்கு இரண்டு சாண்.
மண்ணில் விரலைக் கணுவரை விட்டுப் பார்த்து,
ஈரமிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு.
கையைக் கட்டிக்கொள்வதுதான் கடினம்.

காலை ஆறுக்கு டைமர் ‘டக்’ என்னும்.
இரவு பத்துக்கு இன்னொரு ‘டக்’.
நடுவே கதவிடுக்கில் ஊதாக் கோடு
தரையில் படுத்திருக்கும்,
ஜன்னல் வழியே
எதிர்ச்சரிவுப் பனியிலும் கொஞ்சம்.

கீழ்வீட்டு ஹால்வார் அதைப் பார்த்திருக்கிறார்.
பார்த்ததைப் போலீசுக்கும் சொல்லியிருக்கிறார்.

புத்தாண்டு கழிந்த வியாழன்,
வாசலில் யோருன், பனி ஒட்டிய பூட்ஸோடு.
“அலமாரியைத் திறக்கிறீர்களா?”
திறந்தேன்.
லெட்டூஸ் பதினொன்று.
சதகுப்பை ஒரு கற்றை.
குட்டைத் தக்காளி ஒன்று, நான்கு பூவோடு.
என் கையில் மின்சாரப் பல்துலக்கி
இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.
“அது என்ன?”
“தேனீ” என்றேன்.
“ஜனவரிக்கு வேறு கிடைக்கவில்லை.”

சிரிக்கவில்லை அவள்.
குறிப்பேட்டில் ‘லெட்டூஸ்’ என்று எழுதினாள்,
எழுத்தைச் சரிபார்த்தாள்.
பிறகு தொப்பியைக் கழற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அலமாரிக்குள் முகத்தை மட்டும் நீட்டிக்
கண்ணை மூடினாள்.
“எத்தனை நேரம் எரியும்?”
“பதினாறு மணி நேரம்.”
“எனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் டியூட்டி இருக்கிறது.”
நான் காப்பி வைக்கப் போனேன்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
ஊதா நிறத்தில் ஓடியது.

அடுத்த வாரம் ஹால்வார் மேலே வந்தார்.
மன்னிப்பு என்று ஏதும் இல்லை.
துளைபோடும் இயந்திரம் இரவல் வேண்டுமாம்,
ஒரு பழைய அலமாரி சும்மா நிற்கிறதாம்.
கொடுத்தேன்.
விசிறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்
என்பதை மட்டும் சொன்னேன்.
மற்றத் தப்புகளை
அவரே செய்து பார்க்கட்டும்.

ஜனவரி இருபத்தொன்றில்
மலைவிளிம்பில் சூரியன் தலைகாட்டியது.
தெருவில் பிள்ளைகளின் கூச்சல்.
தக்காளித் தொட்டியைத் தூக்கிப்போய்
ஜன்னலோரம் வைத்தேன்,
பார், இதுதான் அது என்று.
அரை மணி நேரம் இருந்துவிட்டு அது இறங்கியது.
மாலையில் பார்த்தால்
செடி
அலமாரிப் பக்கமாய்ச் சாய்ந்து நின்றது.