செவ்வாய் வெறுவாய்

உலகத் தரவரிசை
செவ்வாய்க்கிழமைதான் வரும்.
"செவ்வாய் வெறுவாய்,
அன்றைக்கு எதையும் தொடங்காதே" என்பாள் அம்மா
செந்தூல் டோபிக் கடையில்
அடுத்தவர் சட்டைகளை மடித்தபடி.
தொடங்குவது நானில்லை அம்மா,
எங்கோ ஒரு கணினி.

நானூற்றுப் பன்னிரண்டு.
அப்புறம் இருநூற்றாறு.
இருபத்து மூன்று வயதில்
ஒரே ஒரு செவ்வாய்
ஐம்பத்தெட்டு.
"ஐம்பத்தெட்டா?" என்றாள் கடை முதலாளி மேடம் கோ.
"எந்தப் பாடத்தில்?"
சிரித்தோம். அன்று எங்கள் போர்வைகளைக்
காசு வாங்காமல் துவைத்துக் கொடுத்தாள்.

யாருக்கும் விளக்க முடியாத கணக்கு ஒன்று.
ஒரு புள்ளிக்கு ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம்.
போன ஆண்டு இதே வாரம்
ஹனோயில் அரையிறுதி வரை போனாள் ஒருத்தி.
அவள் பெயரும் யாழரசி மாரிமுத்துதான்.
இந்த ஆண்டு அதே ஹனோயில்
முதல் சுற்றிலேயே நான் வெளியேறினால்
என்னைக் கீழே தள்ளுவது
வலைக்கு அந்தப்பக்கம் நிற்கும் தாய்லாந்துப் பெண் இல்லை.
அவள்தான்.
அவளுக்கு முட்டி வலி கிடையாது.
அவள் சரியாகத் தூங்கியிருப்பாள்.

தேசியப் பயிற்சி மையத்திலிருந்து
விடுவிக்கும் கடிதம்
மிக மரியாதையான மலாயில் வந்தது.
இரண்டு முறை படித்த பிறகுதான்
வெளியே போகச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு இறகுக்கும் நானே காசு.
ஒரு குழலில் பன்னிரண்டு பூப்பந்து.
ஒரு பந்து நசுங்கினால்
நாலு ரொட்டி சானாய் போயிற்று.
ஓங்கி அடிக்கும்போது
மனம் விலை பார்க்கத் தொடங்கிவிட்டால்
அந்த அடியில் என்ன இருக்கும்?
புடுவில் நரம்பு கட்டும் ஆ சுவான் கேட்டான்:
எத்தனை பவுண்டு?
இருபத்தேழு.
என் மணிக்கட்டைப் பார்த்தான்.
இருபத்தைந்தில் கட்டிவிட்டு
இருபத்தேழு என்றே எழுதி ஒட்டினான்.
எனக்குத் தெரியும் என்று
அவனுக்கும் தெரியும்.

புக்கிட் ஜாலில், தகுதிச் சுற்று,
காலை ஒன்பது மணி, நான்காம் ஆடுகளம்.
ஆயிரமாயிரம் இருக்கையில்
அம்மா ஒன்றில்.
அவள் கைப்பை இன்னொன்றில்.
குளிர்சாதனக் காற்று
பந்தை ஒரு சாண் இடப்பக்கம் இழுக்கும்.
அதைக் கண்டுபிடிக்கவே முதல் ஆட்டம் போய்விட்டது.
மூன்றாவதில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.
என் பந்து பின்கோட்டில்
விழுந்ததா, தாண்டியதா,
கோட்டு நடுவர்
இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
"பார்க்கவில்லை" என்பதற்கு
விதிப்புத்தகத்தில் அதுதான் சைகை.
மேலே காலி இருக்கைகளும்
மடிந்து அப்படியே இருந்தன.
பெரிய நடுவரும் பார்க்கவில்லையாம்.
மறுபடி ஆடச் சொன்னார்கள்.

ஆடினேன்.
வலையில் இடித்தது,
யோசித்தது,
என் பக்கமே விழுந்தது.
அதற்கடுத்த புள்ளி எனக்கு நினைவில்லை.
கை குலுக்கியது நினைவிருக்கிறது.
அந்தப் பெண்ணின் கை
என் கையை விடச் சில்லென்றிருந்தது.

வீட்டுக்கு ரயிலில் வந்தோம்.
மஸ்ஜிட் ஜாமெக் தாண்டியதும் அம்மா சொன்னாள்:
"அந்தக் கண் பொத்தினவளுக்கு
சின்ன வயசுதான், பாவம்."

ஓய்வுப் படிவத்தை
ஒரு செவ்வாய்க்கிழமைதான் அனுப்பினேன்.
தொடங்கத்தானே ஆகாது அம்மா,
முடிக்கலாம் இல்லையா?
அவள் பதில் சொல்லவில்லை.
ஒரு சட்டைக் கையை
நீவி நீவி உள்ளே மடித்தாள்.

கடைசியாக நான் நின்ற இடம்
நூற்று முப்பத்தொன்று.
இன்று செவ்வாய்.
பட்டியலை நான் திறக்கவில்லை.
ஆனாலும் எனக்குத் தெரியும்,
நூற்று முப்பத்திரண்டில் இருந்த ஒருத்தி,
பெருவிலோ பல்கேரியாவிலோ,
பந்தையே தொடாமல்
ஒரு படி ஏறியிருப்பாள்.
வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து
அந்த எண்ணை மட்டும் சொல்லியிருப்பாள்.
யாரோ அடுப்பை அணைத்துவிட்டு
இன்னொரு முறை சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

அவள் மொழியில்
செவ்வாய்க்கு என்ன பெயரோ.