வந்த காரணம்

கட்டுநாயக்காவில் முத்திரை குத்துபவர் கேட்டார்:
வந்த காரணம்?
ஜெசிந்தாவிடம் கடிதம் இருந்தது,
துறைமுகத்துப் பளுதூக்கிகளைச் சோதிக்கும்
ஐந்து நாள் வேலை இருந்தது.
என்னைத் தோளால் காட்டி
"இவர் என்கூட" என்றாள்.
அதுவும் ஒரு காரணம்தான் என்பதுபோல்
அவர் எனக்கும் குத்தினார்.

காலை ஆறரைக்கு வேன்.
மஞ்சள் தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள்.
மிச்ச முட்டையும்
மிச்ச நகரமும் எனக்கு.

முதல் நாள் புறக்கோட்டை.
சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பள்ளிவாசல்,
யாரோ நக்கிப் பார்த்துவிட்டு
வைத்துப்போன மிட்டாய் மாதிரி.
உச்சியில் இருப்பதெல்லாம் மாதுளை என்றார்
ஆட்டோ ஓட்டிய ரிம்சான்.
கப்பலில் வந்தவர்கள் அந்த மாதுளையைப் பார்த்துத்தான்
கரை வந்துவிட்டது என்பார்களாம்.
"நீங்க இந்தியாதானே?
வாயைத் திறந்ததும் விளங்கிட்டு."
நான் பேசினேன். அவர் கதைத்தார்.
மீட்டர் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் ஓடியது.

பலகைகளில் எல்லாம் நடுவரியில் என் எழுத்து.
வெளிநாட்டில் வாசிக்கத் தெரிவது
முதலில் சந்தோஷமாகவும்
பிறகு கூச்சமாகவும் இருந்தது,
பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தைப்
பிரித்துவிட்டதைப் போல.
ஓரிடத்தில் கொம்பு தவறியிருந்தது.
எட்டாம் வகுப்பு நோட்டுகள் திருத்தும் கை
சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடிவிட்டுத்
திரும்பி வந்தது.

அன்றிரவு அவளுக்குச் சொன்னேன்.
மாதுளை வரைக்கும் கேட்டாள்.
பிறகு ஒரு காலில் மட்டும் ஷூவோடு
தூங்கிப்போனாள்.

மறுநாள், மேட்டின் மேல் ஒல்லாந்தர் தேவாலயம்.
இரவில் நரி ஊளையிட்டதை
ஓநாய் என்று நினைத்து
அந்த இடத்துக்கே ஓநாயின் பெயரை வைத்தார்களாம்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை;
தூத்துக்குடியிலும் இருந்துவிட்டுப் போனவர்கள்தானே,
எங்களை என்னவென்று நினைத்தார்களோ.
உள்ளே ஒரு சுரூபம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை.
தரை முழுக்கக் கல்லறைக் கற்கள்.
கப்பல் தலைவர்கள், அவர்களின் மனைவிமார்,
நான்கு மாதக் குழந்தை ஒன்று.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
சந்து சந்தாக ஓரம் பார்த்து நடந்தேன்.
"மிதிக்கலாம் ஐயா" என்றார் சாவிக்காரர் செல்வரட்ணம்,
"எல்லாரும் மிதிக்கிறதுதான்."
அந்த மனைவிமாரை யார் கேட்டிருப்பார்கள்
வந்த காரணம் என்னவென்று?

மூன்றாம் நாள் மழை.
நான்காம் நாள் காட்சிசாலைக் கதவில்
திருத்த வேலை என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.
நடுவரியில் பிழை இல்லை.
திரும்பி நடந்தேன்.

கடைசி இரவு அவளுக்கு ஒன்பது மணிக்கு விட்டது.
காலிமுகத்திடலில் காற்று துப்பட்டாவைப் பிடுங்க,
தலையோடு இறால் பதித்த வடையைக்
காகிதத்தில் வாங்கிக்கொண்டோம்.
நான் ஆரம்பித்தேன்:
அந்தப் பக்கம் மணிக்கூண்டு,
ஒரு காலத்தில் அதுதான் கலங்கரை விளக்கம்,
ஒல்லாந்தர் முதலில், இல்லை, போர்த்துக்கீசர் முதலில்...
அவள் கேட்கவில்லை.
வடக்கே, கறுப்புத் தண்ணீருக்கு மேலே
விளக்கு கட்டிய ஒட்டகச்சிவிங்கிகளாய்
நின்றவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது தெரியுதா?
பாரம் ஏத்துனா இடது பக்கம் இழுக்கும்.
நேத்து மத்தியானம் அது உச்சிக்குப் போனேன்.
அங்கேருந்து உங்க மாதுளை தெரிஞ்சுது.
நீங்க செருப்பைக் கையில வச்சிருந்த கோயிலும்.
தெருவுல ஒரு ஆட்டோ, எறும்பு கணக்கா.
உள்ள நீங்கதானான்னு
ரொம்ப நேரம் பாத்தேன்."

நேற்று மத்தியானம்
திரைச்சீலையை இழுத்துவிட்டு
அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

கடைசி இறாலின் தலையைக் கிள்ளிக்
காற்றில் எறிந்துவிட்டு,
"ஒரு கை காட்டியிருக்கலாம்ல" என்றாள்.